ஜீன்ஸை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்: வாங்க, துவைக்க, தைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் பழைய ஜீன்ஸ் ஒன்று இருந்தால் அதன் அடி மடிப்பிலிருந்து ஒரு நீல நூலை உருவி எடுங்கள். நகத்தால் முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். வெளியே நீலம், உள்ளே வெள்ளை. வேறு எந்தத் துணியில் இப்படி இருந்தாலும் "சாயம் சரியாக ஏறவில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருப்போம். ஜீன்ஸ் துணியான டெனிமில் இதற்காகத்தான் காசு கொடுக்கிறோம். எந்த ஜீன்ஸ் வாங்குவது, எப்படித் துவைப்பது, எங்கே முதலில் கிழியும் என்பதில் பாதி இந்த வெள்ளை நடுத்தண்டைப் புரிந்துகொண்டாலே தெரிந்துவிடும். அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் துணியிலிருந்து தொடங்குவோம்.

முதல் படி: துணியைப் படியுங்கள்

நெசவாளர் வீடுகளில் பாவு, ஊடை என்பார்கள். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. டெனிமில் பாவு நீலம், ஊடை வெள்ளை. ஊடை நூல் மூன்று பாவு நூல்களுக்கு அடியில் நுழைந்து நான்காவதன் மேல் ஏறுகிறது. அடுத்த வரிசையில் ஒரு நூல் தள்ளி அதே கணக்கு. அதனால்தான் முன்பக்கம் நீலம் தூக்கலாகவும் உள்பக்கம் வெளிறியும் இருக்கிறது, துணி முழுக்கச் சாய்கோடுகள் ஓடுகின்றன. 'டெனிம் சட்டை' என்று விற்கப்படும் பல சட்டைகளில் இந்தச் சாய்கோடு இருக்காது. அவை ஷாம்ப்ரே. அதிலும் பாவு நீலம், ஊடை வெள்ளைதான், ஆனால் ஒன்றுவிட்டு ஒன்று நுழையும் சாதா நெசவு. சட்டைக்கு அதுவே நல்லது, காற்று போகும். பெயர்தான் தப்பு.

இனி சாயம். ஜீன்ஸின் நீலச் சாயமான இண்டிகோ தண்ணீரில் கரையாது. கரையாத பொருளை நூலில் எப்படி ஏற்றுவது? காரம் சேர்த்த தொட்டியில் அதை ஆக்சிஜன் நீங்கிய வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். அப்போது அது மஞ்சள் கலந்த பச்சையாகிக் கரைகிறது. நூலை முக்கி வெளியே எடுத்ததும் காற்று பட்டு, கண்ணெதிரே பச்சை நீலமாக மாறும். ஆலைகளில் நூற்றுக்கணக்கான பாவு நூல்களைக் கயிறு போலச் சேர்த்து முக்குவதும் காற்றில் காட்டுவதுமாகப் பலமுறை செய்வார்கள். ஒவ்வொரு முறையும் மேலே ஓர் அடுக்கு நீலம் படியும், நடுவே சாயம் எட்டாது. வெள்ளை நடுத்தண்டு வந்த கதை இதுதான்.

இந்தச் சாயம் நமக்குப் புதிதில்லை. அவுரிச் செடியின் இலையைத் தொட்டியில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, அந்த நீரை அடித்துக் கலக்கிக் காற்றேற்றி, அடியில் படியும் நீலத்தை வடித்துக் கட்டியாக்குவது தென்னிந்தியாவில் பழைய தொழில். விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது. வங்காளத்திலும் பீகாரிலும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் குடியானவர்களைக் கட்டாயப்படுத்தி இதே பயிரை விளைவித்தார்கள். 1859இல் வங்காளத்தில் கலகம் வெடித்ததும், 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போனதும் இந்த நீலத்தால்தான். 1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை இண்டிகோவை விற்கத் தொடங்கியபின் செடிச் சாயத்தின் சந்தை சரிந்தது. இன்று கடையில் தொங்கும் ஜீன்ஸில் ஏறக்குறைய எல்லாமே செயற்கைச் சாயம்தான். 'இயற்கை இண்டிகோ' என்று கூடுதல் விலை போட்டிருந்தால் சாயம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க வேண்டாம்.

இரண்டாம் படி: எடையும் லேபிளும்

டெனிமை அவுன்ஸில் அளப்பார்கள். ஒரு சதுர கஜம் துணி எத்தனை அவுன்ஸ் என்பது கணக்கு. ஓர் அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 34 கிராம். 12 அவுன்ஸ் துணி என்றால் சதுர மீட்டர் 400 கிராமுக்குக் கொஞ்சம் மேலே.

சென்னை, மதுரை வெயிலில் தினமும் போட 9 முதல் 11 அவுன்ஸ் போதும். 12, 13 தாங்கலாம், பேருந்தில் நின்றுகொண்டு போகாதவராக இருந்தால். 14க்கு மேலே போவது ஊட்டியில் இருப்பவருக்கும் பிடிவாதக்காரருக்கும். பெரும்பாலான கடைகளில் அவுன்ஸ் எழுதியிருக்காது. தொடைப்பக்கத் துணியை இரண்டு விரலால் கிள்ளி மடித்துவிடுங்கள். மடிப்பு நிமிர்ந்து நின்றால் கனத்த துணி, சரிந்து விழுந்தால் லேசு.

உள்ளே தைத்திருக்கும் சின்ன லேபிளைக் கட்டாயம் பாருங்கள். முழுப் பருத்தி என்றால் போடப்போட இடுப்பு அரை அங்குலமாவது இளகும். வாங்கும்போது பட்டன் போடக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். லைக்ரா, அதாவது எலாஸ்டேன், 1 அல்லது 2 சதவீதம் இருந்தால் உட்கார எழ வசதி. அதற்குமேல் போகப்போக முதல் நாள் சுகம் கூடும், ஆயுள் குறையும். அந்த ரப்பர் போன்ற இழைக்கு வெந்நீரும் இஸ்திரிச் சூடும் ஆகாது. ஒரு நாள் அது விட்டுப்போனால் முட்டி தொங்கிவிடும், பின்பக்கம் அலையடிக்கும், திரும்பச் சரியாக்க வழியே இல்லை. என் கருத்தைக் கேட்டால், முதல் ஜீன்ஸ் முழுப் பருத்தியில் வாங்குங்கள். உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் 1 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிவப்புக் கரை விவகாரம்

ஜீன்ஸ் பித்தர்கள் காலை மடித்துவிட்டு உள்தையலில் ஒரு சிவப்புக் கோட்டைக் காட்டுவார்கள். செல்வெட்ஜ் என்பார்கள். சேலை கட்டும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அது கரைதான். பழைய நாடாத் தறியில் ஊடை அறுபடாமல் போய்த் திரும்பி வருவதால் ஓரம் தானாகவே கட்டிக்கொள்ளும். அந்தத் தறிகளில் துணியின் அகலம் 30 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். இன்றைய தறிகள் அதைப்போல் இரு மடங்கு அகலம் நெய்யும், ஆனால் ஊடை ஒவ்வொரு வரிசையிலும் வெட்டுப்படும். ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் தையல் போட்டாக வேண்டும்.

அமெரிக்காவில் இந்தப் பழைய முறையில் பெயர்பெற்றது வடக்குக் கரோலினாவின் கிரீன்ஸ்போரோவில் 1905இல் தொடங்கிய கோன் மில்ஸின் ஒயிட் ஓக் ஆலை. 2017 இறுதியில் அதையும் மூடிவிட்டார்கள். இந்தக் கலையை இன்று தூக்கிப்பிடிப்பது ஜப்பான். பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த ஒகயாமாவின் கொஜிமா ஊர் ஜீன்ஸுக்கு மாறியது. குராபோ நிறுவனம் 1973இல் ஜப்பானின் சொந்த டெனிமை நெய்தது. சரி, வாங்கலாமா? கரை இருப்பதால் மட்டும் துணி உழைக்காது. மெதுவாக ஓடும் பழைய தறியில் நூல் கொஞ்சம் மேடுபள்ளமாக விழும், அந்தச் சொரசொரப்பு நாள்பட அழகாக வெளுக்கும். அதற்காக வாங்குங்கள். கோட்டைக் காட்டுவதற்காக வேண்டாம்.

மூன்றாம் படி: போட்டுப் பார்ப்பது

இடுப்பு அளவு 32 என்று எழுதியிருந்தால் 32 அங்குலம் என்று நம்பாதீர்கள். ஒரு பிராண்டின் 32 இன்னொன்றில் 34 அளவு இருக்கும். வாங்குபவரைச் சந்தோஷப்படுத்தும் தந்திரம் அது. வீட்டில் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு பேன்ட்டைப் பட்டன் போட்டுத் தரையில் விரித்து இடுப்பு, தொடை, முன் உயரம் மூன்றையும் டேப்பில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முன் உயரம் என்பது கவட்டைத் தையலிலிருந்து இடுப்புப் பட்டை வரை. பலரும் இடுப்பைப் பார்த்து வாங்கி, இந்த ஒரு அளவில் தோற்பார்கள். அது குறைந்தால் வண்டியில் உட்காரும்போது பின்பக்கம் இறங்கும், நாள் முழுக்கக் கை இடுப்பிலேயே இருக்கும்.

ட்ரையல் ரூமில் நின்று கண்ணாடி பார்த்தால் மட்டும் போதாது. குந்தி உட்காருங்கள். மாடிப்படி ஏறுவதுபோல் முட்டியைத் தூக்குங்கள். இரண்டு கையையும் பின் பாக்கெட்டில் விடுங்கள். குந்தும்போது கவட்டையில் துணி வெட்டினால் அங்கேதான் முதலில் கிழியும். ஸ்கின்னி, ஸ்லிம், ஸ்ட்ரெய்ட், பேகி என்ற பெயர்களெல்லாம் பத்து வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வருபவை. தொடை கனமாக இருப்பவர்களுக்கு ஸ்ட்ரெய்ட் எல்லாக் காலத்திலும் கைகொடுக்கும்.

அப்புறம், நீளம். இங்கே நான் ஒரு பாடம் படித்தேன். கனத்த பருத்தி ஜீன்ஸ் ஒன்றை வாங்கிய கையோடு பக்கத்து ஆல்ட்ரேஷன் கடையில் அடியை வெட்டித் தைத்துக்கொண்டேன். முதல் துவைப்பு முடிந்து கொடியில் எடுத்தபோது அது கணுக்காலுக்கு மேலே நின்றது. மழைக்காலத்தில் மட்டும் உதவியது. தையல்காரர்மேல் தப்பில்லை. சான்ஃபோர்டு க்ளூயெட் 1930இல் காப்புரிமை பெற்ற முறையில் துணியை முன்கூட்டியே சுருக்கியிருந்தால் பிறகு அதிகம் சுருங்காது. அப்படிச் செய்யாத துணி சுருங்கும், நீளத்தில் இன்னும் அதிகமாக. எந்த ஜீன்ஸாக இருந்தாலும் இரண்டு முறை துவைத்த பிறகு அடியை வெட்டுங்கள். அதுவரை மடித்துவிட்டுக்கொள்ளலாம்.

நான்காம் படி: தையலையும் ஆணியையும் பாருங்கள்

பாக்கெட் ஓரத்தில் இருக்கும் செப்பு ஆணியை, அதாவது ரிவெட்டைத்தான் ஜீன்ஸின் பிறப்புச் சான்றிதழ் என்று சொல்ல வேண்டும். நெவாடாவின் ரீனோ ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர். ரிகாவிலிருந்து போய்க் குடியேறியவர். மரம் வெட்டும் கணவனுக்குக் கிழியாத பேன்ட் வேண்டும் என்று ஒரு பெண் வந்து கேட்டார். குதிரைப் போர்வைக்கு அடிக்க வைத்திருந்த ரிவெட்டுகளை டேவிஸ் பாக்கெட் மூலைகளில் அடித்துக் கொடுத்தார். அதன்பிறகு ஊரே கேட்டது. காப்புரிமைக்குப் பணம் இல்லாததால், தான் துணி வாங்கும் சான் பிரான்சிஸ்கோ மொத்த வியாபாரி லெவி ஸ்ட்ராஸுக்குக் கடிதம் எழுதினார். 1873 மே 20ஆம் தேதி இருவருக்குமாகக் காப்புரிமை கிடைத்தது. கவனியுங்கள், புதுமையாக இருந்தது நீலமோ துணியோ கிடையாது. இழுபடும் மூலையில் ஓர் ஆணி, அவ்வளவுதான்.

கடையிலும் அதே கண்ணோடு பாருங்கள். இழுபடும் மூலைகள் எவை? பாக்கெட் வாய், ஜிப்பின் அடி, பெல்ட் லூப்பின் இரு முனை, கவட்டை. அங்கெல்லாம் ரிவெட்டோ நெருக்கமான குறுக்குத் தையலோ இருக்க வேண்டும். உள்பக்கம் திருப்பிப் பாக்கெட் பையின் துணியைத் தொட்டுப் பாருங்கள். விலையைக் குறைக்கும் நிறுவனங்கள் முதலில் கைவைப்பது அங்கேதான். மெல்லிய பை என்றால் ஆறு மாதத்தில் சாவி ஓட்டை போட்டுவிடும். பின் பாக்கெட்டில் ஏன் ரிவெட் இல்லை என்று யோசித்திருக்கலாம். அந்தக் காலத்தில் இருந்தது. நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுகிறது என்று புகார் வந்ததால் லெவி ஸ்ட்ராஸின் லெவிஸ் நிறுவனம் 1937இல் அதைத் துணிக்குள் மறைத்துத் தைத்தது, பிற்பாடு எடுத்தேவிட்டது.

இந்தியாவில் ஜீன்ஸ் விலை இறங்கிய கதையிலும் தையல்காரருக்கு இடமுண்டு. அகமதாபாத்தின் அர்விந்த் மில்ஸ் 1980களின் பிற்பாதியில் டெனிம் நெய்யத் தொடங்கியது. 1995இல் 'ரஃப் அண்ட் டஃப்' என்ற பெயரில் ஒரு பொட்டலத்தைச் சந்தையில் விட்டார்கள். உள்ளே பேன்ட் துணி, ஜிப், பட்டன், ரிவெட், இடுப்பில் ஒட்டும் பிராண்டு பட்டை. விலை 200 ரூபாய்க்குள். வாங்கிக்கொண்டு போய்த் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்தால் ஜீன்ஸ் தயார். கூலியை ஆலை ஏற்கவில்லை, அளவுப் பிரச்சினையும் இல்லை. ரெடிமேட் ஜீன்ஸ் எட்டாத சின்ன ஊர்களில் அது விற்றது அதனால்தான்.

ஐந்தாம் படி: வெளுத்ததை வாங்குவதா?

கடையில் புதிதாக இருக்கும்போதே தொடையில் வெள்ளை, முட்டியில் சுருக்கம், கிழிசல். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் கை இருக்கிறது. எரிமலைக் கல்லைப் போட்டு டிரம்மில் உருட்டுவது ஒரு முறை. நூலின் மேல்தோலை அரிக்கும் நொதியைப் போட்டுத் துவைப்பது இன்னொன்று. பொட்டாசியம் பெர்மாங்கனேட் தெளித்து வெளுக்கவைப்பது, லேசரால் சுடுவது என்று மேலும் உண்டு. மணலைப் பீய்ச்சி அடிக்கும் முறைதான் கொடியது. பறக்கும் சிலிக்கா தூளைச் சுவாசித்த துருக்கித் தொழிலாளர்கள், அதுவும் இளைஞர்கள், சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்து இறந்தார்கள். 2009இல் துருக்கி அந்த முறையைத் தடை செய்தது.

நான் வெளுக்காததையே வாங்கச் சொல்வேன். நல்லவனாக இருப்பதற்கு மட்டும் இல்லை. ஆலையில் வெளுத்த ஜீன்ஸ் தன் ஆயுளில் ஒரு பகுதியை உங்களிடம் வருவதற்கு முன்பே செலவழித்துவிட்டது. கருநீலம் அலுவலகத்துக்கும் ஆகும், கல்யாண ரிசப்ஷனுக்கும் ஆகும். இரண்டு வருடத்தில் உங்கள் உடம்பு மடியும் இடங்களில் தானாக வெளுக்கும். பர்ஸ் வைக்கும் பாக்கெட்டில் பர்ஸின் சதுரம் விழும்.

ஆறாம் படி: துவைப்பது

முதல் துவைப்புக்கு உப்புப் போடு, வினிகர் ஊற்று, சாயம் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். இண்டிகோவுக்கு இரண்டும் வேலை செய்யாது. நூலின் மேல் படிந்து நிற்கும் சாயம் உரசினால் உதிரும். அதை ஒட்டவைக்கும் சக்தி உப்புக்கு இல்லை. புது ஜீன்ஸைத் தனியாக, குளிர்ந்த நீரில், உள்பக்கம் திருப்பித் துவைத்து உதிர வேண்டியதை உதிரவிடுங்கள். முதல் சில வாரங்கள் வெள்ளைச் சட்டையை உள்ளே செருகாதீர்கள், வெளிர் நிற சோபாவிலும் உட்காராதீர்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? லெவிஸின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த சிப் பெர்க், தான் போட்டிருந்த ஜீன்ஸ் ஒரு வருடமாகத் துவைக்காதது என்று 2014இல் மேடையில் சொன்னது பெரிய பேச்சானது. சான் பிரான்சிஸ்கோ குளிரில் அது நடக்கும். வியர்வை ஊறும் ஊரில் உப்பும் எண்ணெயும் நூலுக்குள் தங்கி, கவட்டைப் பக்கம் துணி சீக்கிரம் இற்றுப்போகும். நாற்றமும் உண்டு. ஃபிரீசரில் வைத்தால் கிருமி சாகும் என்ற வைத்தியத்தையும் மறந்துவிடுங்கள். குளிரில் பெரும்பாலான கிருமிகள் உறங்கும், உடம்புச் சூடு பட்டதும் எழுந்துவிடும்.

நான் செய்வது இது. போட்டு வந்ததும் மடித்து அலமாரியில் வைக்காமல் இடுப்பைப் பிடித்துத் தொங்கவிடுவேன். கோடையில் நான்கைந்து முறை போட்ட பிறகு, மற்ற மாதங்களில் ஏழெட்டு முறைக்குப் பிறகு துவைப்பேன். குளிர்ந்த நீர், கொஞ்சம் சோப்பு, உள்பக்கம் திருப்பி, ஜிப்பைப் போட்டு. கல்லில் அடிப்பதில்லை, பிரஷ் போட்டுத் தேய்ப்பதில்லை. லைக்ரா இருந்தால் துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். நிழலில், காற்றோட்டமாக, தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். கார்த்திகை அடைமழையில் கனத்த ஜீன்ஸ் இரண்டு நாளானாலும் காயாது, பூஞ்சை வாடை வந்துவிடும். அந்த மாதங்களுக்கு லேசான துணியை வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. லெவிஸின் 501 ரக ஜீன்ஸ் ஒன்று பருத்திக் காட்டிலிருந்து குப்பைவரை சுமார் 3,781 லிட்டர் எடுத்துக்கொள்கிறது என்று லெவிஸ் 2015இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதில் 68 சதவீதம் பருத்தி விளைவிக்க, 23 சதவீதம் வாங்கியவர் துவைக்க. பெரிய பங்கு நம் கையில் இல்லை, ஆனால் ஒரு ஜீன்ஸை இரண்டு வருடம் கூடுதலாகப் போட்டால் அடுத்ததை வாங்குவது தள்ளிப்போகும்.

எங்கே போடலாம், எங்கே வேண்டாம்

1951இல் பாடகர் பிங் கிராஸ்பி மேலும் கீழும் டெனிம் அணிந்து வான்கூவர் விடுதிக்குப் போனபோது அறை இல்லை என்று சொன்னார்கள். ஆள் யார் என்று தெரிந்ததும் அறை கிடைத்தது. லெவிஸ் அவருக்கு டெனிமிலேயே ஒரு கோட்டுத் தைத்துக் கொடுத்தது. நம் ஊரில் 2015 இறுதியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயிலுக்கு வருபவர்களுக்கு உடைக் கட்டுப்பாடு விதிக்க உத்தரவிட்டது. வேண்டாத உடைகளில் ஜீன்ஸும் இருந்தது. 2016 ஜனவரி 1இல் அமலுக்கு வந்த அதற்கு அந்த மாதமே தடை விழுந்தது. ஆனாலும் தனித்தனிக் கோயில்களில் அவரவர் வழக்கம் உண்டு, கிழிசல் ஜீன்ஸோடு போய் வாசலில் வாதாடுவதைவிட ஒரு வேட்டி எடுத்துப் போவது சுலபம். அலுவலகத்தில் கருநீலம், கிழிசல் இல்லாதது, சட்டையோடு என்றால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

ஏழாம் படி: கிழிசல்

கிழிந்த முட்டியில் வெள்ளை நூல்கள் குறுக்கே நரம்புபோல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஊடை. மேலே கிடந்து உரசல் வாங்கும் நீலப் பாவு முதலில் அறுகிறது, அடியில் இருக்கும் ஊடை தப்பிக்கிறது. அந்த வெள்ளை நூல்கள் அறாமல் இருக்கும்போதே பழுது பார்த்தால் துணி தன் வடிவில் நிற்கும். அறுந்து ஓட்டையான பிறகு ஒட்டுத்தான்.

தொடை உள்பக்கத்தில் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவினால் நேரம் வந்துவிட்டது. உள்ளே ஒரு துண்டு மெல்லிய டெனிமை வைத்து ஊசியால் தற்காலிகமாகத் தைத்துக்கொள்ளுங்கள். துண்டு ஓட்டையைவிடச் சுற்றிலும் இரண்டு விரல் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் ஓரத்திலேயே அடுத்த கிழிசல் வரும். பிறகு மேலிருந்து, நீல நூலால், பாவு ஓடும் திசையிலேயே மேலும் கீழுமாக நெருக்கி இழையோட்டுங்கள். குறுக்கே தைத்தால் விறைத்துக்கொண்டு நிற்கும். நூல் ஒரே நீலமாக இருக்க வேண்டாம், ஜீன்ஸிலும் ஒரே நீலம் இல்லையே. கையால் முடியாது என்றால் 'டார்னிங்', அதாவது இழையோட்டிக் கிழிசல் அடைப்பது, என்று போர்டு வைத்திருக்கும் கடையில் கொடுங்கள். துவைத்துக் கொடுத்தால் நன்றாகவே செய்து தருவார்கள்.

ஒட்டுக்கு மேல் ஒட்டாகித் தொடை தாங்காத நிலை வந்தாலும் முட்டிக்குக் கீழே துணி பெரும்பாலும் புதிதுபோல் இருக்கும். அந்த இரண்டு காலையும் வெட்டி, உள்தையலைப் பிரித்து விரித்தால் ஒரு காய்கறிப் பைக்குப் போதுமான துணி கிடைக்கும். வீட்டு மெஷினில் தைப்பதாக இருந்தால் 16ஆம் நம்பர் ஊசி மாட்டுங்கள், இருமடித் தையல் வரும் இடத்தில் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அங்கேதான் ஊசி உடையும்.